விரிசல் விழுந்த முன்கண்ணாடி: சம்மன் வரும்வரை காத்திருக்கலாமா?

காலை ஏழு மணியளவில் மலேசியாவின் எந்தத் தமிழ்ப்பள்ளி வாயிலில் நின்று பார்த்தாலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பிள்ளைகளை இறக்கிவிட வந்த கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் ஊடே, முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையுமாக மோட்டார் சைக்கிளில் வரும் தாய்மாரும் தந்தையரும் புகுந்து செல்வர். அக்கார்களின் முன்கண்ணாடிகளைச் சற்று ஊன்றி நோக்குபவர்க்கு மற்றொன்றும் புலப்படும். ஒரு காரில் கண்ணாடியின் கீழோரத்தில் தொடங்கிய விரிசல் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே ஓடி நிற்கும். வேறொன்றில், கல் தெறித்த இடம் நட்சத்திரம்போல் கதிர் விட்டிருக்கும். விரிசலுக்கு அருகிலேயே ஓம் என்னும் எழுத்து ஒட்டப்பட்டிருக்கும். உட்புறக் கண்ணாடியில் மணிமாலை தொங்கும். முன்பலகையில் முருகப்பெருமான் வேலோடு நின்றிருப்பார். காவலுக்குத் தெய்வம் இருக்கிறது. காண்பதற்குக் கண்ணாடிதான் இல்லை.

ஏன் மாற்றவில்லை என்று அக்கார்களின் உரிமையாளர்களைக் கேட்டால் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் நான்கினுள் அடங்கிவிடும். ‘அது சும்மா ஒரு கோடுதான்’ என்பது முதலாவது. ‘போலீஸ் இதுவரை பிடிக்கவில்லை’ என்பது இரண்டாவது. ‘இந்தக் காலத்துக் கண்ணாடி உடைந்து மேலே விழாது’ என்பது மூன்றாவது. ‘போனஸ் வரட்டும், பார்க்கலாம்’ என்பது நான்காவது. இவை தவிர, கல் தெறித்த அன்றே ‘வந்த கண்ணேறு கண்ணாடியோடு போயிற்று’ என்று மனநிறைவு கொள்வாரும் உளர். இந்த நான்கு விடைகளும் எந்த அளவுக்குத் தேறும் என்று உரைத்துப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் இவற்றை நம்பி ஓட்டுபவர் பணயமாக வைப்பது தம் உயிரை மட்டுமன்று. எதிரே வருபவர் உயிரையும்தான்.

முதல் விடையை எடுத்துக்கொள்வோர் அது கணக்கில் நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஓட்டுநரின் கண்ணுக்கும் முன்கண்ணாடிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். எதிரே 70 மீட்டர் தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. கைப்பிடி உட்பட அதன் அகலம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அப்படியாயின் அம்மோட்டார் சைக்கிள் முன்கண்ணாடியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்? ஒத்த முக்கோணங்களைப் படித்த மாணவர் எவரும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. விடை 7 மில்லிமீட்டர். ஒரு பட்டாணியின் அகலம். ஒரு மனிதனும், அவன் மனைவியும், நடுவில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் குழந்தையும் அந்தப் பட்டாணியளவு இடத்துக்குள் அடங்கிவிடுகின்றனர். கல் தெறித்து உண்டாகும் நட்சத்திரம் பல வேளைகளில் அதைவிடப் பெரிது.

கூட்டரசுச் சாலைகளில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. 70 மீட்டர் என்பது மூன்று வினாடிக்கும் குறைந்த நேரம். எதிரே வரும் மோட்டார் சைக்கிளும் நெருங்கிக்கொண்டிருப்பதால் அந்த நேரம் இன்னும் சுருங்கும். இரண்டு கண்களில் ஒன்றுக்கு மறைந்தது மற்றொன்றுக்குத் தெரியக்கூடும் என்று வாதிப்பவர் கூறுவது பகலில், வானம் தெளிந்த நேரத்தில், ஓரளவு உண்மையே. ஆனால் விரிசல் செய்யும் தீங்கு மறைப்பது மட்டுமன்று. விரிசலின் உள்ளே இருக்கும் இரண்டு முகங்களும் சிறு ஆடிகளைப்போல் ஒளியைத் திருப்பிச் சிதறடிக்கின்றன. சூரியன் எதிரே நிற்கும்போது ஒரு கோடு மட்டுமா தெரிகிறது? கோட்டைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் வெள்ளையாகிறது.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவர் காலையில் கிழக்கு நோக்கிச் சூரியனை எதிர்கொள்கிறார்; மாலையில் மேற்கு நோக்கித் திரும்பும்போது அதே சூரியனை மறுபடியும் எதிர்கொள்கிறார். அந்தக் கூட்டரசு நெடுஞ்சாலையிலாவது மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் உண்டு. காப்பாரிலும் பந்திங்கிலும் கோலசிலாங்கூரிலும் உள்ள கிளைச் சாலைகளில், தோட்டத்து மண் பாதை தார்ச்சாலையோடு சேரும் முனைகளில், தனித்தடம் ஏது? அங்கே காரும், மணல் லாரியும், செம்பனைக் குலை ஏற்றிய லாரியும், மோட்டார் சைக்கிளும் ஒரே தடத்தில்தான் செல்கின்றன. கற்களை உதிர்க்கும் லாரிகளும் அவற்றுள் அடங்கும். முன்கண்ணாடியை உடைக்கும் சாலையும், உடைந்த கண்ணாடியால் மோட்டார் சைக்கிளோட்டியை இழக்கும் சாலையும் ஒன்றே. மாலை மழை கொட்டி, எதிர்வரும் வண்டிகளின் விளக்குகள் ஈரத்தில் பளிச்சிடும் வேளையில், விரிசலுக்குப் பின்னால் இருப்பவன் மனிதனா நிழலா என்று தெளிவதற்குள் கார் அவ்விடத்தைக் கடந்திருக்கும்.

இந்நாட்டில் சாலையில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை அரசுப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. அவர்கள் யார்? ஆலைக்கு இரவு வேலை செய்யச் செல்பவர்கள், காவற்பணி முடித்துத் திரும்புபவர்கள், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுபவர்கள். காரில் இருப்பவரின் தந்தையும் ஒரு காலத்தில் விடியலுக்கு முன்னே சைக்கிளில் பால்வெட்டச் சென்றவராக இருக்கலாம். தந்தை சென்ற பாதையில் இன்று செல்பவனைக் காண முடியாத கண்ணாடியோடு மகன் கார் ஓட்டுவது எந்த வகையில் முன்னேற்றம்? ‘சும்மா ஒரு கோடு’ என்பதற்கு விடை இதுதான். கோடு சும்மா கிடக்கலாம். கோட்டுக்குப் பின்னால் வருபவன் சும்மா வரவில்லை.

கோடுகூடச் சும்மா கிடப்பதில்லை என்பது அறிவியல் கூறும் செய்தி. ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் கண்ணாடி எப்படி உடைகிறது என்பதை விளக்கினார். கண்ணாடி முழுவதும் பரவியிருக்க வேண்டிய அழுத்தம் விரிசலின் கூர்முனையில் வந்து குவிகிறது. விரிசல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால், மேலும் வளர்வதற்குப் பெரிய அடி எதுவும் வேண்டியதில்லை. சிறு காரணமே போதும். மலேசிய வெயிலில் நாளெல்லாம் நின்று கொதித்த காரில் ஏறி, குளிரூட்டியை முழு வேகத்தில் திருப்பி, குளிர்காற்றைக் கண்ணாடியின்மேல் நேரே பாய்ச்சுவது அத்தகைய காரணம். கண்ணாடியின் உட்புறம் சுருங்குகிறது. வெளிப்புறம் சுருங்க மறுக்கிறது. சன்னல்கள் மூடியிருக்கக் கதவை அறைந்து சாத்துவதும், சாலைக் குழியில் சக்கரம் விழுவதும் அவ்வாறே. நேற்று விரல்நீளம் இருந்த விரிசல் இன்று முழநீளம் ஆனது எப்படி என்று வியப்பவர் வியக்க வேண்டியது அது நேற்றே ஏன் நீளவில்லை என்பதற்காகத்தான்.

இரண்டாவது விடை சட்டத்தைப் பற்றியது. ‘எத்தனை அங்குல விரிசல் இருந்தால் குற்றம்?’ என்று கேட்பவர் பலர். இக்கேள்வியின் உள்ளே ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. அளவு ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு ஓர் அங்குலம் குறைவாக வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம் என்பதே அது. சட்டத்தின் நோக்கம் அதுவன்று. வாகனங்களின் அமைப்பையும் பயன்பாட்டையும் பற்றிய 1959ஆம் ஆண்டின் விதிகளும், 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் ஓட்டுநரிடமிருந்து எதிர்பார்ப்பது, வாகனம் பிறருக்கு ஆபத்து விளைவிக்காத நிலையில் பேணப்பட வேண்டும், ஓட்டுபவர் சாலையைத் தடையின்றிக் காண வேண்டும் என்பதே. அச்சட்டத்தின் 43ஆம் பிரிவு, தக்க கவனமின்றி ஓட்டுவதோடு, சாலையைப் பயன்படுத்தும் பிறரைக் கருதாது ஓட்டுவதையும் குற்றமாக்குகிறது. பிறரைக் கருதாமை என்று சட்டமே பெயர் சூட்டிவிட்ட பிறகு, அங்குலக் கணக்கு எதற்கு?

சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி ஒரு காரைக் கண்டும் காணாமல் விட்டதால் அக்கார் சட்டப்படி ஓடுகிறது என்று ஆகிவிடாது. அன்று மழையாக இருந்திருக்கலாம். அவருக்குப் பின்னால் நூறு கார்கள் நின்றிருக்கலாம். தேர்வில் பார்த்தெழுதிப் பிடிபடாத மாணவன் நேர்மையானவன் என்று எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்வதில்லை. அதே பெற்றோர் சாலையில் மட்டும் ‘பிடிக்கவில்லை’ என்பதை நற்சான்றிதழாகக் காட்டுவது எப்படி? பிடிபடாத நாள்களெல்லாம் கடந்து, ஒரு நாள் விபத்து நேர்ந்த பின்னர், அந்த விரிசலைப் புகைப்படம் எடுப்பவர் புலனாய்வு அதிகாரியாக இருப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் கேள்வி விரிசல் எத்தனை அங்குலம் என்பதாக இராது. ‘எத்தனை நாளாகத் தெரியும்?’ என்பதாக இருக்கும். மாதக்கணக்கில் நாள்தோறும் கண்முன் நின்ற ஒன்றைத் தெரியாது என்று எவரால் சொல்ல முடியும்?

கண்ணாடிக்கு நிறத்தாள் ஒட்டுவது பற்றி இதே ஓட்டுநர்கள் காட்டும் சட்ட அறிவு வியக்கத்தக்கது. முன்கண்ணாடி 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பதைக் கடையில் நின்று விழுக்காடு விழுக்காடாக விவாதிப்பார்கள். அந்த 70 விழுக்காடு எதற்காக? ஓட்டுபவர் காண வேண்டும் என்பதற்காக. காண்பதற்காக எழுந்த விதியைப் பின்பற்றிக்கொண்டே, காண்பதைக் கெடுக்கும் விரிசலைச் சுமந்து செல்வது விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவதாகும்.

அளவு வைத்துள்ள நாடுகளும் உண்டு. பிரிட்டனில் ஆண்டுப் பரிசோதனைக்கு வரும் காரில், ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவுக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலமுள்ள பகுதியில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சேதம் இருந்தால் கார் தேறாது. துடைப்பான் துடைக்கும் எஞ்சிய பகுதியில் அந்த அளவு 40 மில்லிமீட்டர். முன்னர் காட்டப்பட்ட 7 மில்லிமீட்டர் கணக்கோடு இந்த 10 மில்லிமீட்டரை ஒப்பிடுபவருக்கு அவ்வளவு நுணுக்கமான எல்லை ஏன் வகுக்கப்பட்டது என்பது தெற்றெனப் புலப்படும். சிங்கப்பூரில் கார் மூன்று ஆண்டுகளை எட்டியதும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பத்து ஆண்டுகளைக் கடந்ததும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மலேசியாவிலோ தனியார் காரை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. பெயர் மாற்றம் போன்ற வேளைகளில்தான் பரிசோதனை நிலையத்தைப் பல கார்கள் காண்கின்றன. முன்பெல்லாம் சாலை வரி ஒட்டியை ஒட்டுவதற்காகவேனும் ஆண்டுக்கு ஒரு முறை உரிமையாளர் தம் முன்கண்ணாடியை அருகிருந்து பார்த்தார். 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களுக்கு அந்தக் கட்டாயமும் நீங்கிவிட்டது. பார்க்க வேறு எவரும் இல்லாத இடத்தில், பார்க்க வேண்டிய கடமை முழுவதும் உரிமையாளர் தலையில் விழுகிறது. சட்டம் விட்ட இடைவெளியை மனச்சான்று நிரப்ப வேண்டும். சோம்பல் நிரப்பக் கூடாது.

மூன்றாவது விடையில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது. 1903இல் எடுவார் பெனெடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் கண்டது, ஆனால் சிதறவில்லை. உள்ளே உலர்ந்து படிந்திருந்த படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்ததே அடுக்குக் கண்ணாடி. 1909இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் ஒளிபுகும் படலத்தை வைத்து ஒட்டப்பட்டது. படலத்தின் கனம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். பழைய கார்கள் பலவற்றில் முன்கண்ணாடி கடினமாக்கப்பட்ட ஒற்றைத் தகடாக இருந்தது. கல் பட்டால் கணப்பொழுதில் முழுவதும் நொறுங்கி வெண்திரையாகிவிடும். ஓட்டுநர் கையால் குத்தித் துளையிட்டு வழி கண்ட கதைகளை மூத்தோர் சொல்வர். அந்தத் துன்பம் இன்று இல்லை. இல்லாததே பிழையாகப் போயிற்று. அன்று கண்ணாடி உடைந்தால் கார் நின்றது. இன்று கண்ணாடி உடைந்தும் கார் ஓடுகிறது. பட்டறை வரை பத்திரமாகச் செல்வதற்காகக் கிடைத்த வசதியைப் பல மாதம் ஓட்டுவதற்கான உரிமமாக மக்கள் எடுத்துக்கொண்டனர்.

மேலும், இன்றைய முன்கண்ணாடியின் பணி காற்றையும் மழையையும் தடுப்பது மட்டுமன்று. அது காரின் உடலோடு வலிய பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கார் புரளும்போது கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. முன்னிருக்கையில் இடப்புறம் அமர்ந்திருப்பவருக்கான காற்றுப்பை பல கார்களில் மேல்நோக்கி வெடித்தெழுந்து, முன்கண்ணாடியில் மோதித் திரும்பித்தான் அவரைத் தாங்குகிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் அமர்ந்திருப்பவர் யார்? மனைவி, அல்லது தாய். விரிசல் விழுந்த சுவரில் சாய்ந்து நிற்பவரைப் போன்றதே அவர் நிலை. அண்மைக் கால கார்களில் முன்னே செல்லும் வண்டியைக் கண்டு எச்சரிக்கும் கேமராவும் இதே கண்ணாடிக்குப் பின்னால்தான் பொருத்தப்படுகிறது. 2017இல் வெளிவந்த மைவியின் உயர்வகையிலேயே அது இடம்பெற்றுவிட்டது. மனிதக் கண்ணை ஏமாற்றும் விரிசல் அந்தக் கண்ணை மட்டும் ஏமாற்றாது என்று எவ்வாறு நம்புவது?

நான்காவது விடை செலவு பற்றியது. இதை எள்ளி நகையாடுவது முறையன்று. நாள்கூலியில் குடும்பம் நடத்துபவருக்குச் சில நூறு வெள்ளி பெருந்தொகைதான். ஆனால் அந்தத் தொகை ஒரே நாளில் வந்து விழும்படி விட்டது யார்? முழுக் காப்புறுதி எடுக்கும்போது முன்கண்ணாடிக்கெனத் தனிக் காப்பு சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடியின் காப்புத் தொகையில் 15 விழுக்காடு என்பது வழக்கமான கட்டணம். 800 வெள்ளிக்குக் காப்பெடுத்தால் ஆண்டுக்கு 120 வெள்ளி. மாதத்துக்குப் பத்து வெள்ளி. இழப்பீடு கேட்டால் பல ஆண்டுகளாகச் சேர்த்து 55 விழுக்காடு வரை எட்டிய கழிவு போய்விடும் என்று பலர் அஞ்சி வாளாவிருக்கின்றனர். தனிக் காப்பின்கீழ் முன்கண்ணாடிக்கு மட்டும் கேட்கும் இழப்பீட்டால் அக்கழிவு குறைவதில்லை. ஒரு முறை இழப்பீடு பெற்றபின் அந்தக் காப்பைக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. முகவர் நீட்டிய தாளில் ‘முன்கண்ணாடி வேண்டாம், தொகையைக் குறைத்துப் போடுங்கள்’ என்று சொல்லி மிச்சப்படுத்தியவர், அதே வாரத்தில் காருக்குப் பளபளக்கும் ரிம்மும் அதிரும் ஒலிபெருக்கியும் வாங்கியிருந்தால், பணமில்லை என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. காணும் கருவிக்கு இல்லாத பணம் காட்டும் கருவிக்கு எங்கிருந்து வந்தது?

இவ்வளவு சொன்னதால், கல் பட்ட கண்ணாடி ஒவ்வொன்றையும் உடனே கழற்றி எறிய வேண்டும் என்று பொருளன்று. சேதத்தின் இயல்பறிந்து நடப்பதே அறிவுடைமை. ஒரு சிறு நாணயத்துக்குள் அடங்கும் சில்லு, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இல்லாமலும், கண்ணாடியின் ஓரத்தைத் தொடாமலும், உட்தகடு வரை செல்லாமலும் இருந்தால், அதனுள் பிசின் செலுத்திப் புறஊதா ஒளியால் இறுக வைத்துச் சீராக்கலாம். அதற்கு ஆகும் செலவு புதுக் கண்ணாடியின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஆனால் அந்த வாய்ப்பு தாமதிப்பவருக்குக் கிடைப்பதில்லை. நீரும் தூசும் உள்ளே புகுந்தபின் பிசின் பற்றாது. விரிசல் நீண்டபின் பயன்படாது. இன்று செலவுக்கு அஞ்சுபவர் நாளை பன்மடங்கு செலவழிக்கிறார். நேர்ப்பார்வையில் விழுந்ததும், ஓரத்தை எட்டியதும், கை விரல் நீளத்தைத் தாண்டி ஓடுவதும் மாற்றியே தீர வேண்டியவை.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கல் பட்டால் செய்ய வேண்டியது என்ன? திடுக்கிட்டுத் திடீரெனப் பிரேக்கை மிதிப்பது பின்னால் வருபவருக்குத் தீங்கு. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இடப்புறச் சமிக்ஞை காட்டி, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திச் சேதத்தைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்க்கக் கூடாது. சில்லு சிறிதாயின் மேலே ஒளிபுகும் பசைத்தாள் ஒன்றை ஒட்டினால் நீரும் தூசும் புகா. குளிர்காற்றைக் கண்ணாடிமேல் திருப்பாமல், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றாமல், மெதுவாக அருகிலுள்ள கண்ணாடிக் கடைக்குச் செல்ல வேண்டும். சாலை தெளிவாகத் தெரியவில்லையெனின் செல்லவே கூடாது. இருக்கும் இடத்துக்கே வந்து மாற்றித் தரும் கடைகள் உள்ளன, இழுவை வண்டியும் உண்டு. இழப்பீடு கேட்பவர் உடைந்த கண்ணாடியையும் காரின் எண்ணையும் சேர்த்து முதலில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. புதுக் கண்ணாடி பொருத்தியபின் பசை இறுகும்வரை காரை எடுக்காமல் பொறுப்பதும், கேமரா உள்ள காராயின் அதைச் சரிபார்க்கச் செய்வதும் பட்டறைக்காரரின் கடமை மட்டுமல்ல; கேட்டு வாங்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு.

தனியார் காரின் நிலை இதுவாயின், இருபது பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேனின் நிலை பற்றி எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும். வணிக வாகனங்கள் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனைக்குச் செல்கின்றன. ஆனால் பரிசோதனை முடிந்த மறுநாள் விழும் விரிசல் அடுத்த பரிசோதனை வரை அரையாண்டு காலம் பிள்ளைகளோடு பயணம் செய்யலாம். வேன் கட்டணம் ஐந்து வெள்ளி கூடினால் பெற்றோர் பத்துப் பேர் கூடிக் கேட்கின்றனர். வேனின் முன்கண்ணாடியைக் காட்டிக் கேட்டவர் எத்தனை பேர்? ஓட்டுநரைத் தனியே குற்றஞ்சாட்டுவதும் நீதியன்று. அவர் பெறும் கட்டணத்தில் எரிபொருளும் தவணையும் போக எஞ்சுவது சிறிது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டு விழாப் பந்தலுக்கும் மாலைக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பள்ளிக்கு வரும் வேன்களுக்குக் கண்ணாடிக் காப்பு எடுத்துக் கொடுத்தால், அதைவிடப் பெரிய விழா அப்பள்ளிக்கு வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் பள்ளி வாயிலில் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் நின்று, விரிசல் உள்ள வண்டியின் உரிமையாளரிடம் பணிவாக ஒரு சொல் சொன்னால் அது தலையீடன்று. ஆசிரியரின் காரிலேயே விரிசல் இருந்தால் முதலில் அது மாறட்டும். பிறகு சொல் பலிக்கும்.

புதுக் கார் வாங்கியவர் அதைக் கோயில் வாயிலில் நிறுத்தி, மாலையிட்டு, சூடம் ஏற்றி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிறார். அந்த நம்பிக்கையை எவரும் குறைகூற வேண்டியதில்லை. தாமும் பிறரும் நலமே திரும்ப வேண்டும் என்னும் வேண்டுதல்தான் அது. அந்த வேண்டுதல் உண்மையானால், ஆறு மாதம் கழித்துக் கல் தெறிக்கும்போதும் அது தொடர வேண்டும். கண்ணேறு கண்ணாடியோடு போயிற்று என்பவர், போன கண்ணாடியை மாற்றாமல் வைத்திருந்தால், போனது கண்ணேறா, கண்ணா?

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது முன்னோர் சொன்ன பழமொழி. விபத்துக்குப் பின் புதுக் கண்ணாடி மாட்டுவதும் அந்த வகையைச் சேர்ந்ததே. நாளைக் காலை ஏழு மணிக்குப் பள்ளி வாயிலில் அதே கார்கள் நிற்கும். அவற்றின் ஊடே அதே மோட்டார் சைக்கிள்கள் வரும். சாவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் வண்டியில் ஏறுமுன் தம் முன்கண்ணாடியை ஒரு முறை பார்க்கட்டும். விரிசல் இருந்தால், சம்மன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சம்மன் வந்தால் பணம் கட்டி முடித்துவிடலாம். அந்தத் தாயும் அவள் முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளையும் வந்து மோதினால் எந்த முகப்பில் எவ்வளவு கட்டி முடிப்பது?